மைட்டோகாண்ட்ரியாவின் உறவுக்காரர்கள்: மலாயாவின் காய்ச்சலும் யானைக்காலும் சொல்லும் உயிர் வரலாறு

யானைக்கால் நோயைத் தரும் புருகியா மலாயி என்ற நூற்புழுவின் குஞ்சுகள் பகல் முழுவதும் நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கிவிடும். நடுநிசியை ஒட்டித்தான் தோலுக்கு அருகே ஓடும் இரத்தத்துக்கு வரும். அதனால் சுகாதாரப் பணியாளர்கள் நெடுங்காலம் இரவில் கிராமத்து (கம்பத்து) வீடுகளின் கதவைத் தட்டி, தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்களின் விரலைக் குத்தி இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. அந்த நிலை மாறியதில் பினாங்குக்குப் பங்கு உண்டு. ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே கெலுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ரஹ்மா நோர்டின் தலைமையிலான குழு அந்தப் புழுவின் ஒரு புரதத்தை ஆய்வகத்தில் தயாரித்தது. அந்தப் புரதத்துக்கு எதிராக நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டிக்கொடுக்கும் ‘புருகியா ரேப்பிட்’ என்ற சோதனைப் பட்டையும் அதிலிருந்து உருவானது. பகலில் எடுத்த ஒரு துளி இரத்தமே போதும். சிறிது நேரத்தில் பட்டையில் கோடு விழும்.

பட்டை காட்டுவது புழுவை. அந்தப் புழுவின் உடலை மெல்லிய சீவல்களாக்கி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், அதன் செல்களுக்குள் இன்னோர் உயிர் குடியிருப்பது தெரியும். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா அது. ஆல்ஃபா புரோட்டியோபாக்டீரியா என்ற பெருங்குலத்தைச் சேர்ந்தது. அதே பெருங்குலத்தோடு உறவுடைய ஒன்று, விரலைக் குத்தக் கொடுத்தவரின் தோல் செல்களிலும் நரம்புகளிலும் இதயத் தசையிலும் இருக்கிறது. அதுதான் மைட்டோகாண்ட்ரியா, நாம் உண்ட உணவிலிருந்து ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுத்துத் தரும் செல்லுறுப்பு.

மைட்டோகாண்ட்ரியாவின் தோற்றத்தைப் பற்றிப் பேசுபவர்கள் ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அந்த நிகழ்வின் உறவுக்காரர்கள் நம் மண்ணிலேயே இருக்கிறார்கள். மலாயாவின் தோட்டங்களையும் கம்பங்களையும் வாட்டிய ஸ்க்ரப் டைபஸும் யானைக்காலும் அவர்களோடு பிணைந்த நோய்கள். பாக்டீரியா ஒன்று இன்னொரு செல்லுக்குள் நுழைவது உயிர் வரலாற்றில் கணக்கில்லாத முறை நடந்திருக்கிறது. நுழைந்தது அந்தச் செல்லின் உறுப்பாகவே ஆகிவிடுவதோ விரல்விட்டு எண்ணக்கூடிய முறைதான். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க வைத்தது எது என்பதே மைட்டோகாண்ட்ரியாவின் தோற்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி. ஆற்றல் எந்தத் திசையில் பாய்கிறது, மரபணுக்கள் யார் கையில் இருக்கின்றன என்ற இரண்டையும் பார்த்தால் விடையை நெருங்கலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நூறாண்டுச் சந்தேகம்

1890இல் ஜெர்மானிய ஆய்வாளர் ரிச்சர்ட் ஆல்ட்மன், செல்களுக்குள் சாயமேற்றிப் பார்த்த சிறு மணிகளைத் தனித்து வாழும் ஆற்றல் கொண்ட அடிப்படை உயிர்கள் என்றே கருதினார். 1898இல் கார்ல் பெண்டா அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயரிட்டார். 1905இல் ரஷ்யாவின் கான்ஸ்டன்டின் மெரெஷ்கோவ்ஸ்கி, தாவரங்களின் பச்சையத்தைத் தாங்கும் உறுப்புகள் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த நுண்ணுயிர்கள் என்று எழுதினார். 1918இல் பிரான்சின் பால் போர்த்தியேவும் 1927இல் அமெரிக்காவின் ஐவன் வாலினும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அதே தோற்றத்தைச் சொன்னார்கள். வாலின் ஒருபடி மேலே போய், மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லுக்கு வெளியே வளர்த்துக் காட்டியதாகவும் கூறினார். அந்தக் கூற்று நிற்கவில்லை. அதோடு சேர்ந்து கருத்தும் பல ஆண்டுகள் ஓரங்கட்டப்பட்டது.

திருப்பம் 1963இல் வந்தது. மார்கிட் நாஸும் சில்வன் நாஸும் கோழிக் கருவின் செல்களை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டிஎன்ஏ இழைகள் இருப்பதைக் கண்டார்கள். செல்லின் கருவுக்கு வெளியே, ஒரு செல்லுறுப்புக்குச் சொந்தமான மரபுப் பொருள்! நான்கு ஆண்டுகள் கழித்து, 1967இல், லின் மார்குலிஸ் (அப்போது லின் சேகன்) தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். ஏறத்தாழ 15 இதழ்கள் அதை ஏற்க மறுத்த பிறகே அது அச்சேறியதாக அவரே சொல்லியிருக்கிறார். கரு உள்ள செல் என்பது பல உயிர்கள் கூடி உண்டானது என்ற அந்த வாதத்துக்கு அவர் தொகுத்த சான்றுகள் செல்லியல், வேதியியல், புவியியல் மூன்றையும் தொட்டன.

1981இல் மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ முழுவதும் படிக்கப்பட்டது. 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு வளையம். அதில் 37 மரபணுக்கள். புரதங்களுக்கானவை வெறும் 13. 1985இல் கார்ல் வோஸின் குழு ரைபோசோம் ஆர்என்ஏவை ஒப்பிட்டு, மைட்டோகாண்ட்ரியாவின் வேர் பாக்டீரியாக்களில் ஆல்ஃபா புரோட்டியோபாக்டீரியா என்ற கிளையோடு சேர்வதைக் காட்டியது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1975இல், பிலிப் ஜானும் வாட்லியும் மண்ணில் தனித்து வாழும் பாராகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் சுவாச இயந்திரம் மைட்டோகாண்ட்ரியாவுடையதை வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பதை எழுதியிருந்தார்கள். அதுவும் இதே கிளையைச் சேர்ந்ததுதான். உறவு உறுதியானது. அந்தக் குலத்தில் நெருங்கிய சொந்தம் யார் என்ற தேடல் தொடங்கியது. தேடலின் ஒரு முனை மலாயாவின் தோட்டப்புறங்களில் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட நோய்க் குறிப்புகளைத் தொட்டது.

செம்பனைத் தோட்டத்துக் காய்ச்சல்

1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் காடு அழிந்து செம்பனை பரவியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கு வழியாக வந்து, பூலாவ் ஜெரஜாக் தீவின் தனிமைப்படுத்தும் முகாமைக் கடந்தவர்களில் பலர் பால்மரத் தோட்டங்களுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். காடு வெட்டிய நிலத்தில் லாலான் புல் மண்டியது; செம்பனைப் பழத்தைத் தின்ன எலிகள் பெருகின. எலிகளின் காதுகளில் ஒட்டிக்கொண்டு சிற்றுண்ணிகள் வந்தன.

1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வில்லியம் ஃபிளெட்சரும் லெஸ்லரும் டைபஸ் போன்ற காய்ச்சல் ஒன்றை ஆராய்ந்து, அது இரண்டு வகை என்று பிரித்தார்கள். ஒன்று நகரத்தின் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு வருவது. மற்றது புதர்களிலும் தோட்டங்களிலும் வேலை செய்பவர்களுக்கு வரும் ஸ்க்ரப் டைபஸ். இரண்டாவது வகையும் ஜப்பானில் நெடுநாளாக அறியப்பட்ட சுட்சுகாமுஷிக் காய்ச்சலும் ஒன்றே என்பதை அதே கழகத்தின் லூத்வெய்ட்டும் சவூரும் 1940 வாக்கில் நிறுவினார்கள். காய்ச்சலின் காரணம் இன்று ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என அழைக்கப்படும் பாக்டீரியா. செல்லுக்கு வெளியே அதனால் பெருக முடியாது. மனிதரின் இரத்தக் குழாய்ச் சுவர்களின் செல்களுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, மொட்டுப் போல வெளியேறும். கிருமியைச் சுமந்த சிற்றுண்ணி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கருமையான பொருக்கு ஒன்று தெரியும். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் அதைப் பார்த்துவிட்டால் பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

இந்தப் பாக்டீரியா பரவும் விதத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும். சிற்றுண்ணியின் குஞ்சு மட்டுமே விலங்குகளின் திசுநீரைக் குடிக்கும். அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. வளர்ந்த பிறகு அது மண்ணில் சிறு பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழும். மனிதரைக் கடிக்கும் குஞ்சுக்கு அதற்கு முன் நோயுள்ள எலியைக் கடித்திருக்க வாய்ப்பே இல்லை. பாக்டீரியா அதன் உடலில் பிறவியிலேயே இருந்தது. தாய் உண்ணியின் முட்டை வழியாக வந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் தாயிடமிருந்து குஞ்சுக்கு, குஞ்சு வளர்ந்து தாயாகி மீண்டும் முட்டைக்கு. நமது மைட்டோகாண்ட்ரியாவும் இப்படித்தான் வருகிறது. தந்தையின் விந்தணுவில் இருப்பவை அழிந்துவிடும். தாயின் முட்டையில் இருப்பவையே பிள்ளைக்கு. செல்லுக்குள் வாழும் ஒன்றுக்கு முட்டை என்ற நிறைந்த செல்லே அடுத்த தலைமுறைக்குப் போகும் நம்பகமான வழி என்பதால், பல குலங்கள் தனித்தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஓரியன்ஷியாவுக்கு நெருங்கிய உறவு ரிக்கெட்சியா. ஹோவர்ட் ரிக்கெட்ஸ் 1910இலும் ஸ்டானிஸ்லாவுஸ் புரோவாசெக் 1915இலும் தாங்கள் ஆராய்ந்த டைபஸுக்கே பலியானார்கள். இருவர் பெயரையும் சேர்த்து ரிக்கெட்சியா புரோவாசெகீ என்று அந்தக் கிருமிக்குப் பெயர் வைத்தார் பிரேசிலின் ரோச்சா லிமா. 1998இல் ஸ்வீடனில் சிவ் ஆண்டர்சனின் குழு அதன் மரபுத்தொகை முழுவதையும் படித்தபோது, அறிவியல் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சுமார் 11 லட்சத்து 11 ஆயிரம் எழுத்துகள், 834 புரத மரபணுக்கள். தனித்து வாழ்வதற்கு வேண்டிய பலவற்றை இழந்து சுருங்கிய தொகை அது. சுவாசத்துக்கான மரபணுக்களோ மைட்டோகாண்ட்ரியாவின் பாணியில் இருந்தன. மைட்டோகாண்ட்ரியாவுக்கு மிக அருகில் நிற்கும் உயிருள்ள சொந்தம் டைபஸ் கிருமியே என்ற முடிவு பாடப்புத்தகங்களுக்குப் போனது.

ஏடிபி எந்தப் பக்கம் போகிறது

அந்த முடிவு இன்று தளர்ந்துவிட்டது. மைட்டோகாண்ட்ரியாவும் ரிக்கெட்சியாவும் தங்கள் டிஎன்ஏவில் ஒரே வகை எழுத்துகளை மிகுதியாகச் சேர்த்துக்கொண்டவை, வேகமாக மாறியவை. இப்படிப்பட்ட இரண்டைக் குடிவழி மரத்தில் பொருத்தும்போது, உறவில்லாவிட்டாலும் கணக்கு அவற்றைப் பக்கத்தில் இழுத்துவைக்கும். கடல்நீரிலிருந்து புதிய பாக்டீரியாத் தொகைகளைச் சேர்த்து, அந்தச் சாய்வைத் திருத்திக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. மைட்டோகாண்ட்ரியா நமக்குத் தெரிந்த ஆல்ஃபா புரோட்டியோபாக்டீரியாக்கள் அனைத்துக்கும் வெளியே, அவற்றோடு இணையாகப் பிரிந்த கிளை என்றது அது. 2020இல் வேறொரு குழு, இல்லை, அந்தக் குலத்துக்கு உள்ளேதான் என்றது. 2022இல் வந்த விரிவான ஆய்வு மறுபடியும் வெளியே என்ற பக்கம் சாய்ந்தது. எந்த முடிவை எடுத்தாலும் டைபஸ் கிருமி உடன்பிறந்தது என்ற நிலை போய், தூரத்துச் சொந்தம் என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் முன்னோர் ஒட்டுண்ணியாக அல்லாமல், பாராகாக்கஸைப் போல வெளியிலும் வாழக்கூடிய ஒன்றாக இருந்திருக்கலாம் என்பதற்கு இது இடம் தருகிறது.

இந்தத் தூரம் வெறும் வம்சாவளிக் கணக்கல்ல. இரண்டின் நடத்தையிலேயே அது தெரிகிறது. உயிர்களின் ஆற்றல் நாணயம் ஏடிபி. ரிக்கெட்சியாவின் சவ்வில் ஒரு கடத்துப் புரதம் இருக்கிறது. அது புகுந்த செல்லின் ஏடிபியை உள்ளே இழுத்து, செலவழிந்த ஏடிபியை வெளியே தள்ளும். ஓரியன்ஷியாவிடமும் அதே வகைப் புரதம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்விலும் ஏடிபியை மாற்றும் புரதம் உண்டு. அது நேர் எதிராக, உள்ளே செய்த ஏடிபியை வெளியே கொடுத்து, வெளியிலிருந்து ஏடிபியை மறுபடி செய்ய மூலப்பொருளை வாங்குகிறது.

இந்த இரண்டு புரதங்களும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. ரிக்கெட்சியாவின் புரதம் பாக்டீரியாக் குடும்பத்தைச் சேர்ந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் புரதத்துக்கு பாக்டீரியாக்களில் மூலமே இல்லை; அது கரு உள்ள செல்களில் புதிதாகத் தோன்றிய குடும்பம், அதன் மரபணுவும் செல்லின் கருவில்தான் இருக்கிறது. வாடகைக்கு வந்தவர் தோண்டிய கிணற்றில் வீட்டுக்காரரே குழாய் பொருத்தி, தண்ணீரைத் தன் அடுப்படிக்குக் கொண்டுவந்தது போன்றது இது. குழாய் பொருத்தப்பட்ட அந்தக் கட்டத்தில்தான் உறவின் தன்மை மாறியது. உள்ளே இருந்தது உற்பத்தி செய்த ஆற்றலின் பலன் வெளியே இருந்த செல்லுக்கு நிரந்தரமாகக் கிடைக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒன்றை விட்டு மற்றொன்று பிழைக்கும் வழி குறுகிக்கொண்டே வந்தது.

புழுவுக்குள் ஒரு பங்காளி

இரண்டு முனைகளுக்கும் நடுவில் நிற்பது யானைக்கால் புழுவின் வோல்பாக்கியா. அதை 1924இல் கொசுக்களில் முதலில் கண்டவர்கள் ஹெர்டிக்கும் வோல்பாக்கும். புருகியா மலாயிப் புழுவில் தாயிடமிருந்து குஞ்சுக்கு முட்டை வழியே போகும் நுண்ணுயிர்கள் இருப்பதை 1977இல் கோசெக் விவரித்தார். அந்தக் கண்டுபிடிப்பு அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 2005இல் அந்த வோல்பாக்கியாவின் மரபுத்தொகை படிக்கப்பட்டது: சுமார் 10 லட்சத்து 80 ஆயிரம் எழுத்துகள், 805 புரத மரபணுக்கள். இரண்டு வருடம் கழித்து புழுவின் தொகையும் வெளியானது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது ஒரு கொடுக்கல் வாங்கல் தெரிந்தது. புழுவுக்கு ஹீம் என்ற இரும்புச் சேர்மத்தைச் செய்யும் முழுப் பாதை இல்லை, வோல்பாக்கியாவிடம் இருக்கிறது. ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினும் அப்படியே. வோல்பாக்கியாவால் பெரும்பாலான அமினோ அமிலங்களைச் செய்ய முடியாது, புழுவிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. பாக்டீரியாவை அழித்தால் புழு மலடாகிறது, நாளடைவில் சாகிறது. இந்த அறிவு சிகிச்சையானது. டாக்சிசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்தைப் பல வாரங்கள் கொடுத்து, புழுவுக்குள் இருக்கும் பாக்டீரியாவைத் தாக்கிப் புழுவை வீழ்த்தலாம் என்று கள ஆய்வுகள் காட்டின.

இவ்வளவு நெருங்கியும் வோல்பாக்கியா ஏன் செல்லுறுப்பாகவில்லை? அதன் 805 மரபணுக்கள் இன்னும் அதனிடமே உள்ளன. தன்னுடைய ரைபோசோம், தன்னுடைய சவ்வு, தன் பெருக்கத்துக்கான புரதங்கள் எல்லாவற்றையும் அதுவே செய்துகொள்கிறது. லோவா லோவா போன்ற சில நூற்புழுக்களில் வோல்பாக்கியா இல்லவே இல்லை. அவை அதில்லாமலும் வாழ்கின்றன. பூச்சிகளில் இந்தப் பாக்டீரியா இனத்துக்கு இனம் தாவுகிறது. மலேசியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வோல்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களைச் சிலாங்கூரில் விட்டு, அந்த இடங்களில் டெங்கிக் காய்ச்சல் சுமார் 40 சதவீதம் குறைந்ததை 2019இல் வெளியிட்டதும் இந்தத் தாவும் இயல்பை நம்பித்தான். கொசுவுக்குள் செலுத்தப்படக்கூடிய ஒன்று இன்னும் தனி உயிர்தான். மைட்டோகாண்ட்ரியாவை அப்படி ஓர் இனத்திலிருந்து எடுத்துத் தொலைவான இனத்தில் வைத்தால் இயங்காது. அது இயங்கத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை வேறிடத்தில் செய்யப்படுகின்றன.

இடமளித்த செல் எது

இதுவரை நுழைந்தவரைப் பார்த்தோம். இடமளித்தவர் யார் என்பதும் இப்போது தெளிவாகத் தொடங்கியிருக்கிறது. 2015இல் ஆர்க்டிக் நடுக்கடல் முகட்டில் ‘லோகியின் கோட்டை’ எனப்படும் வெந்நீர் ஊற்றுக்கு அருகே, மூவாயிரம் மீட்டருக்கும் ஆழமான சேற்றிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் புதிய ஆர்க்கியாக் குலம் ஒன்று தெரிந்தது. ஆர்க்கியாக்கள் பாக்டீரியாவைப் போலச் சிறியவை, கரு இல்லாதவை. இந்தக் குலத்திடமோ, கரு உள்ள செல்களுக்கு மட்டுமே உரியவை என்று நினைத்த புரதங்களின் மரபணுக்கள் இருந்தன. அடுத்தடுத்து கிடைத்த உறவினங்களைச் சேர்த்து ஆஸ்கார்ட் ஆர்க்கியா என்று பெயர் வந்தது.

டிஎன்ஏவை மட்டும் பார்த்த நிலையை ஜப்பானின் ஹிரோயுகி இமாச்சியும் அவரது குழுவினரும் மாற்றினார்கள். நான்காய் அகழிப் பகுதியில் 2,533 மீட்டர் ஆழத்திலிருந்து 2006இல் எடுத்த சேற்றை மீத்தேன் ஊட்டிய உலைக்கலத்தில் ஆண்டுக்கணக்கில் பராமரித்து, 12 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் ஆஸ்கார்ட் ஆர்க்கியாவை வளர்த்துக் காட்டினார்கள். கட்டுரை 2020இல் வந்தது. அந்த உயிர் இரட்டிப்பாக 14 முதல் 25 நாட்கள் ஆகும். செல்லின் விட்டம் அரை மைக்ரோமீட்டர் அளவே. அதிலிருந்து நீண்ட, கிளைத்த கைகள் வெளியே படர்கின்றன. அது தனியாக வாழாது. அமினோ அமிலங்களைச் சிதைத்து வரும் ஹைட்ரஜனை ஏற்றுக்கொள்ள மீத்தேன் செய்யும் துணை ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

ஒன்றின் கழிவை மற்றொன்று ஏற்று வாழும் இந்த ஏற்பாடு, 1998இல் வில்லியம் மார்ட்டினும் மிக்லோஸ் முல்லரும் முன்வைத்த ஹைட்ரஜன் கருதுகோளை நினைவூட்டுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் முன்னோர் வெளியிட்ட ஹைட்ரஜனை நம்பி வாழ்ந்த ஆர்க்கியா, அதை நெருங்கி நெருங்கிச் சூழ்ந்துகொண்டது என்பது அவர்கள் வாதம். இமாச்சியின் குழுவும் தங்கள் உயிரின் கைகளைக் கண்டு, துணையைச் சிக்கவைத்துச் சூழ்ந்து உள்ளிழுத்திருக்கலாம் என்று ஒரு மாதிரியைச் சொல்கிறது. இரண்டிலும் ஒன்று பொது: விழுங்கித் தின்ன வந்த பெரிய செல் என்ற பழைய படம் தேவையில்லை, பட்டினியும் பக்கத்து வாழ்வும் போதும். ஆஸ்கார்ட் ஆர்க்கியாக்கள் ஆழ்கடலோடு நிற்பவையல்ல. தென்சீனாவின் சதுப்புநிலச் சேற்றிலும் அவற்றின் மரபணுத் தடங்கள் கிடைத்துள்ளன. பினாங்கின் பாலிக் பூலாவ் கரையோரங்களில் இருப்பதும் அத்தகைய ஆக்சிஜன் குறைந்த சேறுதான்.

இந்தக் கூட்டு எப்போது நடந்தது? கரு உள்ள செல்களின் புதைபடிவங்கள் 165 கோடி ஆண்டுகள் பழமைக்குச் செல்கின்றன. கணிப்புகள் கூட்டுவாழ்வின் தொடக்கத்தை அதற்கும் முன்னே வைக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா வந்தபின்தான் செல் பெரிதாகவும் சிக்கலாகவும் ஆனதா, ஏற்கனவே சிக்கலாகி இருந்த செல்லுக்குள் அது வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. நிக் லேனும் மார்ட்டினும் 2010இல், ஒரு மரபணுவுக்குக் கிடைக்கும் ஆற்றல் மைட்டோகாண்ட்ரியாவால் பல்லாயிரம் மடங்கு கூடியதாலேயே சிக்கல் சாத்தியமானது என்றார்கள். மைக்கேல் லிஞ்சும் மரினோவும் செல்லின் செலவுகளைத் தனியே கணக்கிட்டு அதை மறுத்தார்கள். அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் வென்றாலும், இன்று அறியப்பட்ட கரு உள்ள உயிர்களின் பொது முன்னோரிடம் மைட்டோகாண்ட்ரியா இருந்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடில்லை.

மரபணுக்கள் இடம் மாறிய கதை

பொது முன்னோரிடம் மைட்டோகாண்ட்ரியா இருந்ததற்கு வலுவான சான்று, மைட்டோகாண்ட்ரியா இல்லாதவை என்று நினைத்த உயிர்களிடமிருந்தே வந்தது. வயிற்றுப்போக்குக்குக் காரணமான ஜியார்டியாவை 1980களில் ஆதிநிலையில் நின்றுவிட்ட செல் என்று வகைப்படுத்தினார்கள். 2003இல் அதனுள் மைட்டோசோம் என்ற சுருங்கிய எச்சம் கண்டறியப்பட்டது. ஏடிபி செய்யும் வேலை அதில் இல்லை. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்துகளைச் செய்யும் வேலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2016இல் சின்சில்லா என்ற கொறிவிலங்கின் குடலிலிருந்து வந்த ஓர் ஓரணு உயிரிடம் மைட்டோகாண்ட்ரியாவின் எச்சம் கூட இல்லை என்று தெரிந்தது. அதுவும் இரும்பு–கந்தகக் கொத்து செய்யும் முறையை வேறு பாக்டீரியாவிடமிருந்து பெற்றுக்கொண்ட பிறகே இழந்திருக்கிறது. ஒருமுறை உறுப்பானதை விட்டுவிட, இன்னொரு வழி கிடைத்தே ஆக வேண்டும்.

உறுப்பாதல் எப்படி நடந்தது என்பதற்கு இடைநிலைச் சான்று, ரெக்ளினோமோனாஸ் அமெரிக்கானா என்ற நன்னீர் ஓரணு உயிர். 1997இல் படிக்கப்பட்ட அதன் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் 97 மரபணுக்கள், நம்மிடம் 37. நம்மிடம் இல்லாதவற்றில் பல, செல்லின் கருவுக்கு இடம்பெயர்ந்தவை. மனித மைட்டோகாண்ட்ரியாவில் இயங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் 13ஐத் தவிர மற்றவை கருவின் கட்டளைப்படி வெளியே செய்யப்பட்டு, முகவரி எழுதிய நுனியோடு, சவ்விலுள்ள நுழைவாயில் புரதங்கள் வழியாக உள்ளே போகின்றன. இந்த நுழைவாயில் இயங்கத் தொடங்கியபோது இடம்பெயர்ந்த மரபணு பயனற்றுப் போகாமல், செய்த புரதத்தைப் பழைய இடத்துக்கே அனுப்ப முடிந்தது; இழப்பு நிரந்தரமானது.

புரதங்களை வெளியிலிருந்து பெறுவதே செல்லுறுப்பின் அளவுகோல் என்பதற்கு 2024இல் ஒரு புதிய சான்று வந்தது. கடல் பாசி ஒன்றினுள் வாழ்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா, பாசி செய்த புரதங்களை இறக்குமதி செய்துகொள்வது நிறுவப்பட்டது. அதனால் அது கூட்டுயிர் என்ற நிலையைக் கடந்து செல்லுறுப்பு என்று ஏற்கப்பட்டது. அந்த உறவு தொடங்கி ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளே ஆகின்றன. மைட்டோகாண்ட்ரியா கடந்த பாதையில் வேறொன்று இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.

மருந்துச் சீட்டில் தெரியும் உறவு

1948இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்க மருத்துவர்கள் கோலாலம்பூருக்கு வந்தார்கள். வெனிசுவேலா மண்ணின் நுண்ணுயிரிலிருந்து அதற்கு முந்தைய ஆண்டு பிரித்தெடுக்கப்பட்ட குளோராம்பெனிகால் என்ற மருந்து அவர்களிடம் இருந்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் லூத்வெய்ட், சவூர் ஆகியோருடன் சேர்ந்து ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது காய்ச்சல் விரைவில் இறங்கியது. டைபாய்டுக்கும் அது பலன் தருவதை அங்கேயே கண்டார்கள். மலாயாவின் தோட்டப்புறக் காய்ச்சல்கள் உலக மருத்துவத்தை மாற்றிய தருணம் அது.

குளோராம்பெனிகால் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்துப் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. நம் செல்லின் பொதுவான ரைபோசோம் வேறு வகை. அதை மருந்து தொடாது. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியா வழி வந்தது. அதை மருந்து தொடும். மருந்தின் அளவு கூடும்போது எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உருவாவது தடைபடுவதற்கு ஒரு காரணம் இதுவே. இருநூறு கோடி ஆண்டு உறவு மருத்துவமனை இரத்தப் பரிசோதனையில் எண்ணாக வந்து நிற்கிறது.

காது கேளாமையில் இன்னும் கூர்மையான சான்று உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளால் சில குடும்பங்களில் தாய்வழியாக மட்டும் செவித்திறன் போவதை ஆராய்ந்தவர்கள், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 1555ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பதை 1993இல் கண்டார்கள். அந்த ஒற்றை மாற்றம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமைப் பாக்டீரியாவினதற்கு மேலும் ஒத்ததாக ஆக்குகிறது. கிருமிக்கு வைத்த மருந்து அதையும் பிடித்துக்கொள்கிறது. தாய்வழிச் சொந்தத்தில் யாருக்காவது ஊசிக்குப் பின் காது மந்தமானதா என்று மருத்துவர் கேட்பதற்குப் பின்னால் இந்தப் பரிணாம வரலாறு இருக்கிறது.

இந்த ரைபோசோம்களின் உருவத்தை அணு அணுவாகக் காட்டியவர்களுள் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் முதல் வரிசையில் நிற்கிறார். பாக்டீரியா ரைபோசோமின் சிறுபகுதியை 2000இல் விளக்கிய அவரது ஆய்வுக்குழு, டெட்ராசைக்ளின் அதில் எங்கே ஒட்டுகிறது என்றும் காட்டியது. டாக்சிசைக்ளின் அந்தக் குடும்பத்து மருந்துதான். 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவர் ஒருவர். 2015இல் அதே ஆய்வகம் மனித மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமையும் வெளியிட்டது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால், பாக்டீரியாவில் ஆர்என்ஏ தாங்கிய பல இடங்களை மைட்டோகாண்ட்ரியாவில் கருவிலிருந்து வந்த புரதங்கள் எடுத்துக்கொண்டிருப்பது தெரியும். நடுவில், புரதம் கோக்கப்படும் இடமும் மருந்துகள் ஒட்டும் இடமும் பெரிதும் பழையபடியே உள்ளன.

தமிழகத்தில் ஸ்க்ரப் டைபஸ் இன்றும் பரவலாக உள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் பல மையங்களில் கடுமையான நோயாளிகள் 794 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. மரணம், நீடிக்கும் சிக்கல், தீராத காய்ச்சல் ஆகியவை சேர்ந்த அளவுகோலில், டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 சதவீதமும், ஒன்றை மட்டும் பெற்றவர்களில் 47, 48 சதவீதமும் பாதிக்கப்பட்டார்கள். இரண்டு மருந்துகளும் ஓரியன்ஷியாவின் ரைபோசோமில் வெவ்வேறு இடங்களைப் பிடிப்பவை.

இங்கிருந்து செய்யக்கூடியவை

புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுக்கான ஆய்வையும் உயிரின் தோற்றம் பற்றிய ஆய்வையும் நாம் தனித்தனி அலமாரிகளில் வைக்கிறோம். முன்னதற்கு நிதி வந்தால் ஏழைகளுக்கு உதவி என்றும், பின்னதற்கு வந்தால் அறிவாளிகளின் ஆர்வம் என்றும் பேசுகிறோம். மைட்டோகாண்ட்ரியாவின் வரலாறு இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. டைபஸ் கிருமியின் மரபுத்தொகையைப் படித்தது நோயை அறிவதற்கும் பயன்பட்டது, நம் செல்லின் வம்சாவளியை விவாதிக்கவும் பயன்பட்டது. யானைக்கால் புழுவின் பாக்டீரியாவைப் புரிந்துகொண்டது ஒரு மாத்திரையின் புதிய பயனையும் தந்தது, கூட்டுயிருக்கும் செல்லுறுப்புக்கும் உள்ள எல்லையையும் காட்டியது.

பினாங்கில் இதற்கான அடித்தளம் உள்ளது. யானைக்கால் சோதனையை உருவாக்கிய பல்கலைக்கழகம் கெலுகோரில் இருக்கிறது. தீவின் வடமேற்கு முனையில் அதே பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. சதுப்புநிலச் சேறும் எலியும் உண்ணியும் கொசுவும் எட்டும் தூரத்தில் உள்ளன. இங்குள்ள பள்ளிகளில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லின் ஆற்றல் நிலையம் என்று ஒரு வரியில் சொல்லி முடிப்பதோடு நிற்கக் கூடாது. லாலான் வெட்டப் போன தாத்தாவுக்கு வந்த காய்ச்சலின் கிருமி எப்படி அவர் செல்லின் ஏடிபியை எடுத்தது, அவர் செல்லுக்குள்ளேயே இருந்த அதன் தூரத்துச் சொந்தம் எப்படி ஏடிபியைக் கொடுத்தது என்று சொல்லலாம். நோய்க்கும் உறுப்புக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அந்த ஒப்பீட்டிலேயே அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அப்படிக் கற்றவர்களிலிருந்து வரும் ஆய்வாளருக்கு, பாலிக் பூலாவின் சேற்றில் ஆஸ்கார்ட் ஆர்க்கியாவைத் தேடுவதும் செம்பனைத் தோட்டத்தில் உண்ணியைத் தேடுவதும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்களாகத் தெரியும்.